அரபு இளைஞர்களுக்கான இஸ்லாமியத் தொலைக்காட்சியை ஊன்றிப் பார்ப்பது எப்படி?

"நான் ஆலிமும் அல்லன், முஃப்தியும் அல்லன், ஃபகீஹும் அல்லன், கல்வி தேடும் மாணவன் மட்டுமே." சவூதி அரேபியாவின் ஜித்தாவைச் சேர்ந்த அஹ்மத் அல்-ஷுகைரி, ‘கவாதிர்’ என்ற தமது தொடரில் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாசகத்தின் பொருள் இது. ஆலிம் என்றால் மார்க்க அறிஞர், முஃப்தி என்றால் மார்க்கத் தீர்ப்பு வழங்குபவர், ஃபகீஹ் என்றால் இஸ்லாமியச் சட்ட வல்லுநர். 2005 முதல் 2015 வரை, ஆண்டுதோறும் ரமலான் மாதத்தில் அந்தத் தொடர் எம்பிசி என்ற அரபுப் பொது அலைவரிசையில் ஒளிபரப்பானது. கேட்பதற்கு அது வெறும் அடக்கமாகத் தோன்றும். ஆனால் நூற்றாண்டுகளாக மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்றவர் மட்டுமே அமர்ந்து வந்த இடத்தில், பட்டம் இல்லாத ஒருவர் அமர்ந்து இளைஞர்களிடம் மார்க்கத்தைப் பேசுவதற்கான அனுமதியை அந்த வாசகம் தானே எடுத்துக்கொள்கிறது. ‘நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்’ என்பதே அதன் உட்பொருள்.

ஆகவே இவ்வகை நிகழ்ச்சிகளைப் பார்க்க உட்காரும்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து: இங்கே மார்க்கத்தைப் பேசுபவர் யார், எந்த உரிமையில் பேசுகிறார், அந்த உரிமையைத் திரையில் எப்படி நிலைநாட்டுகிறார்? அரபு மொழி பயில்வோர், ஊடகம் படிக்கும் மாணவர்கள், இஸ்லாமியச் சமூகங்களின் அண்மைக்கால வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அரபு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். முழுப் புலமை வேண்டியதில்லை.

முதலில் காலவரிசையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நிகழ்ச்சிகளைத் தேடிப் போவதற்கு முன், எந்த அலைவரிசை எப்போது, யார் பணத்தில் தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. அரபு நாடுகளின் பொதுச் செயற்கைக்கோள் நிறுவனமான அரப்சாட் 1976-இல் நிறுவப்பட்டு, அதன் முதல் செயற்கைக்கோள் 1985-இல் விண்ணில் ஏவப்பட்டது. எகிப்தின் முதல் நைல்சாட் 1998-இல் ஏவப்பட்டது. அதே 1998-இல்தான் சவூதித் தொழிலதிபர் ஸாலிஹ் காமிலின் ஊடகக் குழுமத்திலிருந்து ‘இக்ரஃ’ தோன்றியது. அரபு மொழியில் இஸ்லாமியச் செயற்கைக்கோள் அலைவரிசைகளுக்கு முன்னோடி அதுவே. ‘ஓதுவீராக’ என்று பொருள்படும் அந்தப் பெயர், குர்ஆனில் முதலில் அருளப்பட்டதாகக் கருதப்படும் சொல்.

2006-இல் சவூதி இளவரசர் அல்-வலீத் பின் தலால் ‘அர்-ரிஸாலா’ அலைவரிசையைத் தொடங்கி, குவைத்தைச் சேர்ந்த தாரிக் அல்-சுவைதானை அதன் பொறுப்பில் அமர்த்தினார். சுவைதான் பெட்ரோலியப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மேலாண்மைப் பயிற்சியாளராகவும் பெயர் பெற்றவர். எகிப்தில் அதே ஆண்டு தொடங்கிய ‘அந்-நாஸ்’ முதலில் பாட்டும் பொழுதுபோக்குமாக இருந்து, விரைவிலேயே, தொடக்கக்கால முஸ்லிம்களின் வழியை அப்படியே பின்பற்ற வலியுறுத்தும் ஸலஃபிச் சொற்பொழிவாளர்களின் மேடையாக மாறியது. ‘உங்களைச் சொர்க்கத்துக்கு அழைத்துச் செல்லும் திரை’ என்பது அது தனக்குச் சூட்டிக்கொண்ட அடைமொழி. 2009-இல் எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் அபூ ஹைபா ‘ஃபோர் ஷபாப்’ என்ற பாடல் அலைவரிசையைத் தொடங்கினார். ‘இவர்களுக்காக’ என்ற பொருளையும் தரும் ஆங்கில எண் நான்கின் ஒலியையும் ‘இளைஞர்கள்’ என்ற அரபுச் சொல்லையும் இணைத்துப் பெயர் வைத்ததே, யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதன் அறிவிப்பாக இருந்தது.

இவற்றோடு ஒன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: இளைஞர்களிடையே பெரிதும் பேசப்பட்ட ‘கவாதிர்’ ஓர் இஸ்லாமிய அலைவரிசையில் வரவில்லை. நாடகங்களும் திரைப்படங்களும் காட்டும் பொது அலைவரிசை ஒன்றில்தான் வந்தது. எனவே இஸ்லாமிய அலைவரிசைகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்

முதல் முறை பார்க்கும்போது ஒலியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். அரபு நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. மொழி புரிந்தவர் பேச்சின் பின்னால் போய்விடுவார். கண்ணுக்கு முன்னால் நடப்பதைக் கவனிக்க மாட்டார். நான் தொடக்கத்தில் உரைகளை வரிவரியாக எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் புதிதாக எதுவும் இல்லையே என்று நினைத்தேன். புதுமை உரையில் இல்லை, அமர்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பது ஒலியை அணைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஒப்பிடுவதற்கு ஒரு பழைய வகை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அல்-ஜஸீராவில் 1996 முதல் 2013 வரை வந்த ‘அஷ்-ஷரீஆ வல்-ஹயாத்’ நல்ல எடுத்துக்காட்டு. மூத்த மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி, கெய்ரோவின் பழம்பெரும் இஸ்லாமியக் கல்விநிலையமான அல்-அஸ்ஹரின் அறிஞருக்குரிய அங்கியும் தலைப்பாகையுமாக அமர்ந்திருப்பார், நெறியாளர் கேட்பார், அவர் விடை சொல்வார். கேமரா அவரைவிட்டு அதிகம் நகராது. அறிவு ஓர் இடத்தில் இருக்கிறது, கேள்வி வேறோர் இடத்திலிருந்து வருகிறது என்ற ஏற்பாடு படத்திலேயே தெரியும்.

அடுத்து எகிப்தியச் சொற்பொழிவாளர் அம்ரு காலிதின் நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். 1967-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்து வணிகவியல் படித்து, கணக்காளராக வேலை பார்த்தவர் அவர். கோட்டும் டையும் அணிந்து, தாடி இல்லாமல், கைகளை விரித்து, முன்னோக்கிச் சாய்ந்து பேசுகிறார். எதிரே இளைஞர்களும் இளம்பெண்களும் அமர்ந்திருக்கிறார்கள். கேமரா அடிக்கடி அவர்கள் பக்கம் திரும்பி, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகத்தில் சில நொடிகள் நிற்கிறது. அந்தச் சில நொடிகளை நிறுத்திப் பாருங்கள். கண் கலங்கிய பார்வையாளர் ஒருவரின் முகம் காட்டப்படும்போது, பேசுபவரின் தகுதிக்குச் சான்றாக நிற்பது அந்த முகமே. பட்டம் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கண்ணீர் செய்கிறது.

பிறகு ஷுகைரிக்கு வாருங்கள். அங்கே அரங்கமே இல்லை. தெரு, பள்ளிக்கூடம், தொடர்வண்டி நிலையம், தொழிற்கூடம் என்று கேமராவோடு நடந்துகொண்டே பேசுகிறார். 2009-இன் ஐந்தாம் பருவத்தில் ஜப்பானுக்குப் போய், பள்ளி மாணவர்கள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்வதைக் காட்டுகிறார். தூய்மை பற்றிய நபிமொழிகளை அரபு இளைஞர்கள் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தப் போதனையை முஸ்லிம்கள் அல்லாத சிறுவர்கள் கையில் துணியோடு செய்து காட்டும்போது, பார்ப்பவருக்கு ஏற்படும் வெட்கமே பாடமாகிவிடுகிறது. பேசுபவரின் உரிமை இங்கே கண்ணீரிலிருந்து பிறக்கவில்லை. ‘நான் நேரில் போய்ப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்’ என்ற சாட்சியிலிருந்து பிறக்கிறது. என் மதிப்பீட்டில் மூன்று வகைகளிலும் இதுவே வலுவானது. அதற்கு ஒரு குறையும் உண்டு. குப்பை ஏன் அகற்றப்படவில்லை, பள்ளி ஏன் சீரழிந்தது என்ற கேள்விகளில் அரசுக்குரிய பங்கு பின்னுக்குப் போய், எல்லாமே தனிமனித ஒழுக்கக் குறைவாகச் சுருங்கிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலியோடு பார்க்கும்போது மொழி மாறும் இடங்களைக் கவனியுங்கள்

இரண்டாம் முறை ஒலியோடு பார்க்கும்போது பொருளைத் தேடிப் போகாமல், எந்த அரபு எங்கே வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருக்கும் மொழியில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். அரபிலும் ஃபுஸ்ஹா எனப்படும் செவ்வரபு ஒருபுறம், நாட்டுக்கு நாடு மாறும் பேச்சரபு மறுபுறம் இருக்கின்றன. மூத்த அறிஞர்களின் தொலைக்காட்சி உரை பெரும்பாலும் செவ்வரபில் ஓடும். இளைஞர்களுக்கான நிகழ்ச்சிகளில் அம்ரு காலித் எகிப்தியப் பேச்சரபிலும், ஷுகைரி ஜித்தாப் பகுதியின் ஹிஜாஸி வழக்கிலும் பேசுவார்கள்.

ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் செவ்வரபு வரும் இடங்களையும் வலப்பக்கம் பேச்சரபு வரும் இடங்களையும் நேரத்தோடு எழுதுங்கள். பத்து நிமிடம் எழுதினாலே ஓர் ஒழுங்கு தென்படும். குர்ஆன் வசனமும் நபிமொழியும் முழுச் செவ்வரபில், நிறுத்தி, இலக்கணச் சுத்தமாகச் சொல்லப்படும். அடுத்த நொடியே எகிப்தியர் ‘யஃனி ஏ?’ என்பார், ‘அப்படின்னா என்ன?’ என்று நாம் கேட்பது போன்றது அது. அதன் பிறகு விளக்கம் முழுவதும் வீட்டுப் பேச்சில் தொடரும். ‘யஃனி ஏ’ என்ற அந்த இரண்டு சொற்கள் வரும் இடங்களைத் தனியாக வட்டமிடுங்கள். வேதத்தின் குரலிலிருந்து தோழனின் குரலுக்குப் பேசுபவர் இறங்கும் படிகள் அவை. மேற்கோளில் அவர் தம்மை மறைத்துக்கொள்கிறார். விளக்கத்தில் தம்மை வெளிப்படுத்துகிறார். அரபு பயில்பவருக்கு இதனால் இன்னொரு பயனும் உண்டு: ஒரே கருத்தைச் செவ்வரபிலும் பேச்சரபிலும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்புப் பாடநூல்களில் அரிதாகவே கிடைக்கும்.

விளிச்சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ‘யா ஷபாப்’ (இளைஞர்களே), ‘யா ஜமாஆ’ (நண்பர்களே) என்று அழைப்பதற்கும், ‘சகோதரர்களே, சகோதரிகளே’ என்று மேடை முறையில் அழைப்பதற்கும் இடையே உள்ள தொலைவு, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே இருக்கும் தொலைவே.

இசை இருக்கிறதா, எந்த அளவுக்கு இருக்கிறது?

இசைக்கருவிகள் ஆகுமா ஆகாதா என்பது இஸ்லாமியச் சட்ட வல்லுநர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கருத்து வேறுபாடு. எல்லா இசைக்கருவிகளையும் தடுப்போர் உண்டு. தஃப் எனப்படும் ஒருபக்கத் தோற்பறையை மட்டும் அனுமதிப்போர் உண்டு. பாடலின் உள்ளடக்கமே அளவுகோல் என்போரும் உண்டு. ஆகவே ஓர் அலைவரிசை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிய அதன் கொள்கை அறிக்கையைத் தேட வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முன் வரும் சின்ன முன்னோட்டத்தைக் காதால் கேட்டாலே போதும்.

சவூதியின் ‘அல்-மஜ்த்’ இசைக்கருவிகள் அற்ற அலைவரிசையாகவே தன்னை நடத்தி வந்தது. பெண்களையும் திரையில் காட்டாமல் இருந்தது. அங்கே பின்னணியில் கேட்கும் ‘ஊம்’ என்ற நீண்ட ஓசைகள் மனிதக் குரலால் ஆனவை. மறுமுனையில் ‘ஃபோர் ஷபாப்’ போன்ற அலைவரிசை, பாடல் காட்சிகளின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு அதற்குள் இஸ்லாமியப் பக்திப் பாடலான நஷீதை வைத்தது. இந்த வடிவத்துக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த பாடகர் ஸாமி யூசுஃப். 2003-இல் வெளிவந்த அவரது ‘அல்-முஅல்லிம்’ பாடலின் காட்சியில் அவர் நாகரிக உடையணிந்த இளம் புகைப்படக் கலைஞராகத் தோன்றுகிறார். பாட்டின் சொற்கள் நபியைப் புகழ்கின்றன; படமோ இன்றைய இளைஞன் ஒருவனின் அன்றாட வாழ்வைக் காட்டுகிறது. சொல்லுக்கும் படத்துக்கும் இடையிலான அந்த இணைப்பைப் பார்வையாளரே மனத்தில் செய்துகொள்ள வேண்டும். இவ்வகைப் பாடல்கள் பின்னாளில் இரண்டு வடிவங்களில் வெளியிடப்பட்டன: ஒன்று இசைக்கருவிகளோடு, மற்றொன்று குரல் மட்டும். பாடகர் மாஹிர் ஸெய்னின் பாடல்களில் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சட்டக் கருத்து வேறுபாடு ஒன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் எப்படித் தீர்த்துவைக்கப்படுகிறது என்பது காதுக்கே புலப்படும்.

மேற்கோள்களைச் சரிபாருங்கள்

பட்டம் பெறாத ஒருவர் பேசும்போது அவருடைய மேற்கோள்களே அவருக்கான கடவுச்சீட்டு. ஆகவே ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று மேற்கோள்களையாவது சரிபார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். குர்ஆன் வசனம் எளிது. சூரா எனப்படும் குர்ஆன் பிரிவின் எண்ணும் வசன எண்ணும் பெரும்பாலும் திரையிலேயே வரும். முழு வசனம் காட்டப்பட்டதா, நடுவில் நறுக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். நபிமொழிக்குச் சற்று உழைக்க வேண்டும். கேட்ட சொற்றொடரில் மூன்று நான்கு சொற்களை அரபு எழுத்தில் தட்டச்சு செய்து தேடினால், அது புகாரி, முஸ்லிம் போன்ற தொகுப்புகளில் உள்ளதா, அறிஞர்கள் அதை ஸஹீஹ் (ஆதாரமானது) என்றார்களா, ளயீஃப் (பலவீனமானது) என்றார்களா என்பது தெரிந்துவிடும். நபித்தோழர்களின் கதைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உரையாடலும் உணர்ச்சியும் சேர்த்து நாடகம்போலச் சொல்லப்படும் கதைகளில், மூலநூலில் இரண்டு வரியாக உள்ளது திரையில் கால்மணி நேரமாக விரியும். அது பொய் என்று சொல்ல வரவில்லை. எது மூலம், எது சொல்பவரின் கலை என்று பிரித்தறிவதே இங்கே செய்ய வேண்டிய வேலை.

நாற்காலியைக் கொடுத்தவர் யார்?

பேசுபவரின் உரிமை மக்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. உரிமையாளரிடமிருந்தும் அரசிடமிருந்தும் வருகிறது, அவர்களாலேயே பறிக்கவும் படுகிறது. தாரிக் அல்-சுவைதான் 2013 ஆகஸ்டில், முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தோடு உள்ள தொடர்பின் காரணமாக, ‘அர்-ரிஸாலா’வின் உரிமையாளராலேயே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 3 அன்று எகிப்தில் அந்த இயக்கத்தைச் சேர்ந்த அதிபர் முர்சி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்ட உடனேயே ‘அந்-நாஸ்’ உள்ளிட்ட பல அலைவரிசைகளின் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அரபு நாடுகளின் தகவல் துறை அமைச்சர்கள் கெய்ரோவில் கூடிச் செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான நெறிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அல்-ஜஸீராவின் தாயகமான கத்தார் அதில் சேரவில்லை. எனவே ஓர் அத்தியாயத்தின் தேதியை அறியாமல் அதன் அரசியல் மௌனத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். 2010-இல் ஒருவர் எதைப் பேசாமல் விட்டார் என்பதும், 2012-இல் அவரே எதைப் பேசினார் என்பதும், 2014-இல் மறுபடி எதை விட்டார் என்பதும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டியவை.

வருவாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு, 2000-களின் பிற்பகுதிப் பதிவுகளில் திரையின் அடியில் ஓடும் குறுஞ்செய்தி வரியைப் பாருங்கள். துஆக்கள் (பிரார்த்தனைகள்), வாழ்த்துகள், நலம் விசாரிப்புகள் என்று பார்வையாளர்கள் கட்டணம் செலுத்தி அனுப்பியவை அவை. தேதி, ஊர்ப்பெயர், வயது எல்லாம் அவ்வப்போது அந்த வரியில் தென்படும். இளைஞர்கள் எப்படி எழுதினார்கள் என்பதற்கு நல்ல சான்றாக அமைபவை என்பதால், சில நிமிடங்களையாவது நிறுத்தி நிறுத்திப் படித்துப் பாருங்கள்.

எங்கே கிடைக்கும், எதை எடுப்பது?

நைல்சாட் மேற்கு 7 பாகையிலும், அரப்சாட்டின் பத்ர் செயற்கைக்கோள்கள் கிழக்கு 26 பாகையிலும் உள்ளன. இவ்வலைவரிசைகளில் பல கட்டணமின்றி ஒளிபரப்பாகின்றன. ஆனால் நாம் இங்கே பேசும் காலத்து நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் யூடியூப்பில்தான் தேட வேண்டும். தேடும்போது நிகழ்ச்சிப் பெயரை அரபு எழுத்தில் இட்டு, பக்கத்தில் அத்தியாயத்தைக் குறிக்கும் ‘அல்-ஹல்கா’ என்ற சொல்லையும் அத்தியாய எண்ணையும் சேருங்கள். அப்படித் தேடினால் துண்டுக் காட்சிகள் குறைந்து முழு அத்தியாயங்கள் மேலே வரும். ஓரிரு நிமிடத் துண்டுகளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கண்ணீர் முகமும் ‘யஃனி ஏ’யும் தம் இடத்தில் இருந்தால்தான் பொருள் தரும்.

ரமலான் தொடர்களுக்கு இன்னொரு குறிப்பு. பிறை ஆண்டு ஏறத்தாழ 354 நாள் என்பதால் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னகரும். ‘கவாதிர்’ தொடங்கிய 2005-இல் அக்டோபர் தொடக்கத்தில் வந்த நோன்பு, அது முடிந்த 2015-இல் ஜூன் மாதத்தில் வந்தது. ஆகவே கடைசிப் பருவங்கள் நீண்ட கோடைப் பகல்களையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டி ஒளிபரப்பானவை. வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருக்கும், நோன்பு திறக்கும் இஃப்தார் வேளையை ஒட்டி, மாதம் முழுதும் நாளுக்கு ஒன்றாக வரும்படி அமைந்த தொடரை ஒரே மூச்சில் பார்க்காமல், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றே பாருங்கள்.

தொடங்குவதற்கு மூன்று போதும்: 2004-இல் ‘இக்ரஃ’வில் தொடங்கிய அம்ரு காலிதின் ‘ஸுன்னாஉல் ஹயாத்’, ‘கவாதிர்’ ஐந்தாம் பருவம், ‘அஷ்-ஷரீஆ வல்-ஹயாத்’தின் ஏதேனும் ஓர் அத்தியாயம். முதலாவதில் பார்வையாளர்களுக்குச் செய்யும்படி சொல்லப்படும் பணிகளைக் கவனியுங்கள். பழைய ஆடைகளைச் சேகரித்து ஏழைகளுக்குக் கொடுப்பது போன்ற வேலைகளை அம்ரு காலித் திரையிலிருந்து கேட்டுக்கொண்டார். பல அரபு நாடுகளில் இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்து அதைச் செய்தார்கள். அத்தியாயம் முடியும் தறுவாயில் அவர் என்ன கேட்கிறார், எத்தனை நாளுக்குள் கேட்கிறார் என்பதைத் தாளின் கடைசி வரியில் எழுதுங்கள். அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் யாருடைய கடிதத்தை அவர் வாசிக்கிறார் என்பதை அதற்கு நேர் கீழே எழுதுங்கள்.